ஒரு ரம்பமும் ஒரு ரூபாயும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும் சார், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். ஒரு பெரிய தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் 34 வருஷம் இருந்தவன். பாய்லர், டர்பைன் என்று ஏதாவது பேசுவேன் என்று அவர் நினைத்திருப்பார். "ரம்பம்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "ரம்பம் போடப் போறீங்களா சார்?" என்று கேட்டார். நம் காலேஜ் பாஷை அவருக்கு இன்னும் மறக்கவில்லை! இல்லை ஐயா, ரம்பம் போடப் போவதில்லை. ரம்பம் செய்த கதையைச் சொல்லப் போகிறேன். அறுவையாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ரம்பத்தின் குணமே அதுதானே.

இதோ மேஜைமேல் துணியைப் பிரித்து வைத்திருக்கிறேனே, இதுதான் அது. இரும்புப் பட்டை, பித்தளை முதுகு, மரக் கைப்பிடி. முதலாண்டில் கார்பெண்டரி ஷாப்பில் இதன் அண்ணன் தம்பிகளை நாம் எல்லோரும் பிடித்திருக்கிறோம். டெனான் ரம்பம். டெனான் என்றால் ஒரு கட்டையின் நுனியில் செதுக்கும் நாக்கு; நம் ஆசாரிகள் கழுந்து என்பார்கள். அந்தக் கழுந்தை அறுப்பதற்காகவே ஏற்பட்ட ரம்பம் இது.

இந்த ரம்பத்தில் ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கிறது. மூட்டு இறுக்கமாக அமைய வேண்டுமானால் அறுக்கும் கோடு ஒல்லியாக இருக்க வேண்டும். கோடு ஒல்லியாக இருக்கத் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். ஆனால் மெல்லிய தகட்டைத் தள்ளி அறுத்தால் அது நெளியும், மடங்கும். அதனால் தகட்டின் மேல் விளிம்பில் கனமான ஒரு பட்டையை மடித்துக் கவ்வ விட்டார்கள். அதுதான் முதுகு. முதுகு தகட்டை விறைப்பாக வைக்கும். அதன் எடையே அழுத்தமும் கொடுக்கும். நாம் அழுத்த வேண்டியதில்லை.

இது புதிய யோசனை அல்ல. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்பவர் கைத்தொழில்களைப் பற்றிப் பகுதி பகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். அதிலேயே முதுகுள்ள டெனான் ரம்பம் வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டு நகரம் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் மூசையில் உருக்கிய தரமான எஃகைச் செய்யத் தொடங்கியதும் அதற்கு ஒரு காரணம். 1840இல் ஹென்றி டிஸ்டன் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பட்டறை தொடங்கினார். அவரும் இங்கிலாந்தில் பிறந்து கப்பலேறிப் போனவர்தான். நம் ஷாப்பில் மாட்டியிருந்தவற்றில் சில பழைய ஷெஃபீல்டு ரம்பங்கள். அதில் ஒன்றோடுதான் எனக்கு வம்பு.

1974. முதலாண்டு. எங்கள் பேட்சில் 20 பேர். கார்பெண்டரி மாஸ்டரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காக்கி அரைக்கை சட்டை, காதில் செருகிய பென்சில். எங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருமே "தம்பி"தான். "தம்பி, ரம்பத்தைத் தள்ளாதே. அது பாட்டுக்குப் போகும், நீ கூடப் போ" என்பார். எங்களுக்குப் புரியவில்லை. சீக்கிரம் ஜாப்பை முடித்து மார்க் வாங்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

அன்றைக்கு மாஸ்டர் ஸ்டோர்ஸுக்குப் போயிருந்த நேரம். என் ரம்பம் கட்டைக்குள் இறுகிக்கொண்டது. நான் கோபத்தில் இழுத்தேன், திருகினேன், முறுக்கினேன். அது விடுபட்டு என் கையிலிருந்தும் விடுபட்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கைப்பிடியின் கீழ்க் கொம்பு உடைந்திருக்கிறது. பல் ஓரம் நாக்குப்பூச்சி மாதிரி நெளிந்திருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லோரும் அவரவர் கட்டையில் குனிந்திருந்தார்கள். ரம்பத்தை ரேக்கில் மாட்டிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து எண்ணிக்கை பார்க்கும்போது மாஸ்டர் அதைக் கண்டார். "யாரு தம்பி இது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. ரம்பத்தை எடுத்து, ஒரு கண்ணை மூடி, பல் ஓரத்தை நீளவாக்கில் பார்த்தார். கொட்டாப்புளியை எடுத்து, முன்முனைப் பக்கமாக முதுகின் மேல் டொக், டொக் என்று இரண்டே தட்டு. மறுபடியும் பார்த்தார். அந்த நெளிவைக் காணோம்! எங்களுக்கு மந்திரம் மாதிரி இருந்தது. "முதுகு நேரானா பல்லு நேராயிரும்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் கைப்பிடி உடைந்தது உடைந்ததுதான். பொறுப்பு யாரென்று தெரியாததால் ஸ்டோர்ஸ் கணக்கில் 20 ரூபாய் போட்டு, பேட்ச் முழுவதற்கும் பிரித்தார்கள். தலைக்கு ஒரு ரூபாய். பலர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒரு நண்பர் மட்டும் ஒரு வாரம் தவணை கேட்டார். வீட்டிலிருந்து மணியார்டர் வந்த பிறகுதான் கொடுத்தார். அவர் ஏன் தவணை கேட்டார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். என் பங்கு ஒரு ரூபாயை, பாதிக்கப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தேன்.

இதை ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன அவசியம் வந்தது என்று கேட்பீர்கள். இந்த ரம்பம் செய்ய ஆரம்பித்ததுதான்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டுப் பின்புறம் ஒரு ஷெட் போட்டுக்கொண்டேன். காயலான் கடையில் கைப்பிடி இல்லாத பழைய கைரம்பம் ஒன்று அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. தகட்டை விரலால் சுண்டினேன். "ணிங்" என்று பாடியது. நல்ல எஃகு. கனம் 0.8 மில்லிமீட்டர். இதிலிருந்து 12 அங்குல டெனான் ரம்பம் ஒன்று எடுக்கலாம் என்று தோன்றியது. ஒரு மாதத்தில் முடியும் என்று எண்ணினேன். ஏழு மாதம் ஆயிற்று. டிசைன் ஆபீசில் 34 வருஷம் பிறர் கைக்கு வேலை கொடுத்தவன் நான். என் கைக்கு நானே வேலை கொடுத்தபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிந்தது.

முதலில் தகடு. வைஸில் இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவே இறுக்கி, குளிருளியால் கோட்டையொட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். அரைக்கும் சக்கரத்தில் வெட்டினால் சீக்கிரம் முடியும்; ஆனால் சூடேறித் தகடு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் விறைப்பு போய்விடும். ரம்பத் தகடு ஒரு நடுத்தரக் கடினம். வில் மாதிரி வளைந்து மீள வேண்டும். அதே சமயம் அரம் அதைக் கடிக்கவும் வேண்டும். சாதாரண ட்ரில் பிட்டோ அதைக் கடிக்கவில்லை. போல்ட்டுக்கு ஓட்டை போடப் போய் மூன்று பிட் மழுங்கியது. கார்பைடு முனை வாங்கிய பிறகுதான் ஓட்டை விழுந்தது.

அடுத்து முதுகு. இரண்டரை மில்லிமீட்டர் கனம், ஒன்றரை அங்குல அகலப் பித்தளைப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடிக்க வேண்டும். முதல் பட்டை மடிப்பிலேயே விரிசல் விட்டது. எஃகை நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும். பித்தளை அப்படியே தலைகீழ், மெத்தென்று ஆகிவிடும். இதை மெட்டலர்ஜி பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியவன் நான்! இரண்டாவது பட்டையைச் சூடுபடுத்தி, முதலில் 'வி' வடிவத்துக்கு வளைத்து, உள்ளே ஒரு மெல்லிய தகட்டை வைத்து வைஸில் மெதுவாக மூடினேன். மடிக்க மடிக்கப் பித்தளை மறுபடியும் விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்புதான் கவ்வும் சக்தி. உள்ளே வைத்த தகட்டை எடுத்துவிட்டு ரம்பத் தகட்டின் விளிம்பை வாயில் கொடுத்துத் தட்டி ஏற்றினேன். பசை இல்லை, பற்ற வைப்பு இல்லை, திருகு இல்லை. முதுகு தகட்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது; அவ்வளவுதான்.

ஏற்றி முடித்துப் பல் ஓரத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அதே நெளிவு. 1974இல் பார்த்த அதே நாக்குப்பூச்சி.

என்ன நடந்திருக்கிறது என்று யோசித்தேன். தகடு வளையவில்லை. முதுகின் வாய்க்குள் தகடு ஒரு முனையில் ஆழமாகவும் மறுமுனையில் மேலோட்டமாகவும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பல் ஓரத்தில் இழுவிசை இல்லாமல் தொய்ந்திருக்கிறது. முன்முனைப் பக்கம் முதுகைத் தட்டினால் தகடு சரியான ஆழத்தில் உட்காரும். பல் ஓரம் வீணைத் தந்தி மாதிரி இழுபடும். கொட்டாப்புளியை எடுத்தேன். மாஸ்டருக்கு இரண்டு தட்டு. எனக்கு முப்பது தட்டு இருக்கும். நேராயிற்று.

அன்று ஷெட்டில் தனியாக நின்றுகொண்டு, "முதுகு நேரானா பல்லு நேராயிரும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. நெளிவு முழுதாக மறைய வேண்டுமானால் தகட்டில் மடிப்பு விழுந்திருக்கக் கூடாது. கீழே விழுந்த அதிர்ச்சியில் முதுகு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. மாஸ்டர் அதை ஒரு பார்வையில் கண்டுகொண்டார். நான் "ஐயா, நான்தான், கீழே போட்டுட்டேன்" என்று சொல்லியிருந்தால், அதே இரண்டு தட்டோடு அந்தப் பாடத்தையும் அன்றைக்கே எனக்குச் சொல்லியிருப்பார். பயத்தில் ஒளித்து வைத்ததால் ஐம்பது வருஷம் தாமதமாயிற்று.

கைப்பிடிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பீச் மரம், ஆப்பிள் மரத்தில் செய்வார்கள். நான் முதலில் தேக்கில் செய்தேன். அட்டையில் மாதிரி வெட்டி, வளைவுகளுக்கு ஓட்டை போட்டு, கம்பி ரம்பத்தால் அறுத்து, மர அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கி வைத்தேன். மறுநாள் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தது. கீழ்க் கொம்பு போயிற்று! எந்த இடத்தில் தெரியுமா? அதே இடத்தில். மர ரேகை அந்த இடத்தில் குறுக்கே ஓடியது. ரேகை குறுக்கே ஓடும் ஒல்லியான பகுதி பிஸ்கட் மாதிரி முறியும். கைப்பிடியில் எந்த இடம் மிக ஒல்லியோ, அந்த இடத்தில் ரேகை நீளவாக்கில் ஓடும்படி மாதிரியைச் சாய்த்து வரைய வேண்டும். அப்போதும் கொம்புகளில் கொஞ்சம் குறுக்கு ரேகை இருக்கத்தான் செய்யும். அதனால்தான் பழைய ரம்பங்களில் முதலில் உடைவது கொம்பு. இரண்டாவது கைப்பிடியை ஒரு பழைய கட்டில் சட்டத்திலிருந்து, தோதகத்தி மரத்தில் செய்தேன். அதுதான் இது.

மாணவர்கள் பிறகு மேடைக்கு வந்து பிடித்துப் பாருங்கள். நான்கு விரலையும் உள்ளே திணிக்காதீர்கள். இந்த ஓட்டை மூன்று விரலுக்குத்தான். ஆள்காட்டி விரல் வெளியே, அறுக்கும் திசையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு தானாக நேராகும். இந்தச் சின்ன விஷயத்தையும் மாஸ்டர் வாரா வாரம் சொன்னார். நாங்கள் வாரா வாரம் நான்கு விரலைத் திணித்தோம்.

கடைசியில் பல். அங்குலத்துக்கு 12 வீதம் 12 அங்குலத்துக்கு 144 பல். காகிதத்தில் கோடு போட்டு விளிம்பில் ஒட்டி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு கோட்டிலும் முதலில் ஒரு தடம் மட்டும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து, கொஞ்சம் ஆழம். மறுபடியும். ஒரே மூச்சில் ஒரு பல்லை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பல் ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக, பால்பல் விழுந்த குழந்தை வாய் மாதிரி ஆகிவிடும். தகட்டை இரண்டு பலகைக்கு நடுவே, பல் மட்டும் வெளியே தெரியும்படி இறுக்க வேண்டும். இல்லையென்றால் அரம் போடும் சத்தத்தில் தெரு நாய் எல்லாம் ஊளையிடும். வீட்டில், "என்ன, இரும்பு ஜபமா?" என்று கேட்டார்கள். ஜபம்தான். 144 மணி.

பிறகு பல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்க்க வேண்டும். பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் போதும். 0.8 தகடு ஒரு மில்லிமீட்டர் வழி அறுத்துக்கொண்டு அதற்குள் தாராளமாகப் போய்வரும். சாய்வே இல்லை என்றால் இறுகிக்கொள்ளும். 1974இல் என் ரம்பம் இறுகியதற்குக் காரணம் ஒன்று இதுவாக இருக்கலாம், அல்லது நான் கோணலாகத் தள்ளியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து மாஸ்டரிடம் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

முதல் அறுப்பில் கோடு இடப்பக்கம் ஓடியது. இடப்பக்கப் பற்கள் கொஞ்சம் அதிகம் சாய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்தப் பக்கம் எண்ணெய்க் கல்லை ஒரே ஒரு தடவை லேசாக ஓட்டினேன். அடுத்த அறுப்பு கோட்டின் மேலேயே நின்றது. நான் தள்ளவில்லை. அது பாட்டுக்குப் போனது. நான் கூடப் போனேன்.

மாணவச் செல்வங்களே, இன்று கடையில் மலிவான ரம்பம் கிடைக்கிறது. நானும் வைத்திருக்கிறேன், குறை சொல்லவில்லை. பல் நுனி கருநீலமாக இருக்கும், மின்தூண்டலால் கடினப்படுத்தியது. வெகு நாள் மழுங்காது. ஆனால் மழுங்கிய அன்று அரம் அதன் மேல் வழுக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான். இந்தப் பழைய ரகம் சீக்கிரம் மழுங்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து அரம் போட்டால் மறுபடியும் புதுசு. தப்பு செய்தால் திருத்த முடிகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். பல் போனால் அரம், நெளிந்தால் இரண்டு தட்டு, கைப்பிடி உடைந்தால் வேறு மரம். ஒன்றே ஒன்றுதான் நிபந்தனை: உடைந்தது என்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

உடைந்த அந்த ரம்பத்துக்கு மாஸ்டரே புதுக் கைப்பிடி செய்து மாட்டினார். அடுத்த வாரத்திலிருந்து கருவிகளைக் கொடுக்கும்போது அந்த ரம்பம் எப்படியோ என் கைக்கே வந்துகொண்டிருந்தது. வருஷக் கடைசிப் பரீட்சைக்கும் அதுதான். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? 1990களில் அவர் காலமானார். நான் கேட்கவே இல்லை.

இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் ஒரு கருவிப் பெட்டி இருக்கிறது. 1790களில் பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்காக அவர் தந்தை வாங்கிக் கொடுத்த கருவிகள். அதில் ஷெஃபீல்டு ரம்பங்கள் அன்று வாங்கியது போலவே இருக்கின்றன. இன்று கையால் ரம்பம் செய்கிறவர்கள் அவற்றைத்தான் மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள். ஏன் அப்படியே இருக்கின்றன என்றால், அவர் அவற்றை அதிகம் பயன்படுத்தவில்லை. அவை அப்படி இருந்ததால் நமக்கு லாபம்தான். ஆனால் உலகத்துக்கு அப்படி ஒரு பெட்டி போதும்.

முதல்வர் அவர்களே, இந்த ரம்பத்தை நம் வொர்க்ஷாப்புக்குக் கொடுக்கிறேன். இப்போது அதற்கு எஞ்சினியரிங் பிராக்டிசஸ் லேப் என்று பெயர். மரவேலையோடு குழாய் வேலை, வெல்டிங், வயரிங் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. இருக்கட்டும். தயவு செய்து இதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து என் பெயரை எழுதிவிடாதீர்கள். ரேக்கில் மாட்டுங்கள். முதலாண்டுப் பிள்ளைகள் அறுக்கட்டும். கீழேயும் போடட்டும். போட்டால் வந்து சொல்லட்டும். ஒரு முக்கோண அரமும், ஒரு கொட்டாப்புளியும், தோதகத்தி மரத்தில் இன்னொரு கைப்பிடியும் சேர்த்தே கொண்டு வந்திருக்கிறேன்.

கடைசியாக, 1974 பேட்ச் நண்பர்களே. நான் உட்பட நாம் இருபது பேர். மதிய உணவுக்குப் பிறகு ஷாப் வாசலில் நிற்பேன். ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயம் பையில் வைத்திருக்கிறேன். வட்டி கேட்காதீர்கள், வாங்கிக்கொண்டு திட்டிவிட்டுப் போங்கள். தவணை கேட்ட நண்பர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். அவரிடம் மட்டும் நாணயம் கொடுத்துக் கணக்குத் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. "மன்னிச்சுக்கோடா" என்று நேரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் முக்கியமாக வந்தேன்.

ரம்பம் நீண்டுவிட்டது.